ஆழ்துளைக் கிணற்று நீரில் கன உலோகங்கள்: அளந்தறிந்து விலக்கும் முறை

லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள நீரையும் 500 மைக்ரோகிராம் உள்ள நீரையும் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி அருகருகே வைத்தால், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள ஆய்வாளராலும் எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் பளிங்கு போலத் தெளிந்திருக்கும், வாசனை இருக்காது, நாவில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. முதல் குவளை, உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவான 10 மைக்ரோகிராமுக்குள் அடங்குவது. இரண்டாவது, அந்த அளவைப் போல் ஐம்பது மடங்கு. கெட்ட நீரைக் கண்ணாலும் மூக்காலும் ஒதுக்கிப் பழகிய நமக்கு உலோகங்களிடம் அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை. ஆகவே கீழே வரும் படிகள் அனைத்தும் அளவீட்டைச் சுற்றியே அமைந்தவை: முதலில் அளப்பது, அளந்ததைப் புரிந்துகொள்வது, அதற்கேற்ற தீர்வைத் தேர்வது, பிறகு மறுபடியும் அளப்பது. நடைமுறையில் பெரும்பாலோர் வடிகட்டி வாங்குவதில் தொடங்குகிறார்கள். பணமும் போகிறது, உலோகமும் நீரிலேயே இருந்துவிடுகிறது.

‘கன உலோகம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். வேதியியலில் இதற்கு ஒருமித்த வரையறை கிடையாது; 2002இல் வெளியான ஐயுபாக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பின் தொழில்நுட்ப அறிக்கையொன்று இது பொருளற்ற சொல்தானோ என்றே கேள்வி எழுப்பியது. ஆர்சனிக் முழு உலோகமும் அன்று; உலோகப்போலி. ஆயினும் ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம், நிக்கல், யுரேனியம், மாங்கனீசு ஆகியவற்றை ஒருங்கே குறிக்க வேறு எளிய சொல் இல்லாததால், வழக்கில் உள்ளதையே நானும் கையாள்கிறேன்.

முதல் படி: உலோகம் எங்கிருந்து வரக்கூடும் என்று அறிதல்

நிலத்தடி நீர் கெட்டது என்றதும் தொழிற்சாலையை நோக்கிக் கை நீட்டுவது இயல்பு. பல இடங்களில் அது சரியும்கூட. ஆனால் உலகில் மிக அதிகமான மக்களைப் பாதித்த உலோக நச்சு எந்த ஆலையிலிருந்தும் கொட்டப்பட்டதன்று. வங்கதேசத்தில் குளம் குட்டை நீரைக் குடித்து வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதைத் தடுப்பதற்காக, 1970களிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் துணையுடன் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. கிருமியற்ற நீர் கிடைத்தது உண்மை. அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று மட்டும் எவரும் பார்க்கவில்லை. அண்டையிலுள்ள மேற்கு வங்கத்தில் 1983இல் தோல் மருத்துவர் கே.சி. சாஹா தம் நோயாளிகளின் தோலில் கண்ட மாற்றங்களை ஆர்சனிக்குடன் தொடர்புபடுத்திய பிறகும், வங்கதேசக் கிணறுகளில் அது உறுதிசெய்யப்பட மேலும் பத்தாண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் ஆய்விதழ், ஒரு மக்கள்தொகைக்கு வரலாற்றில் நேர்ந்த மிகப்பெரிய நச்சேற்றம் என்று இதை வருணித்தது.

இது நிகழும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்ற இடங்களையும் எடைபோடலாம். ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த இளம் வண்டலில், மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. ஆர்சனிக் அந்தப் படலத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. புதைந்துபோன தாவர எச்சங்களை நுண்ணுயிரிகள் சிதைக்கையில் அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது; அதன்பின் அவை இரும்பு ஆக்சைடையே சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. படலம் கரைகிறது, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடுகிறது. இவ்வகை நீர் இறைத்தவுடன் தெளிவாக இருந்து, சற்று நேரம் காற்றுப்பட்டதும் மஞ்சளித்து, வாளியின் உட்புறத்தில் செங்கறையாகப் படிவது இதனால்தான். செங்கறை கண்ட இடமெல்லாம் ஆர்சனிக் இருக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. சோதனையைத் தள்ளிப்போடக்கூடாது என்பதற்கு அது போதுமான காரணம். அதேவேளை, அர்ஜெண்டினாவின் சாக்கோ–பாம்பா சமவெளி போன்ற வறண்ட நிலங்களில் ஆக்சிஜன் நிறைந்த, காரத்தன்மை மிகுந்த நீரிலும் ஆர்சனிக் விடுபடுகிறது. அங்கே எச்சரிக்கும் கறை ஏதும் வாளியில் விழாது. 2020இல் வெளியான உலகளாவிய கணிப்பு, ஆர்சனிக் மிகுந்த நிலத்தடி நீரால் பாதிக்கப்படக்கூடியவர்களின் எண்ணிக்கையை 9.4 கோடி முதல் 22 கோடி வரை எனக் கணித்தது.

மற்ற உலோகங்களின் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருங்கல் பாறைப் பகுதிகளில் பைகார்பனேட்டும் நைட்ரேட்டும் மிகுந்த நீர் யுரேனியத்தைக் கரைத்து எடுத்துச் செல்கிறது. சுரங்கக் கழிவுக் குவியல்களில் உள்ள பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறும்போது காட்மியம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் அமில நீரோடு இறங்கிவிடுகின்றன. மின்முலாம் பூசும் கூடங்கள், தோல் பதனிடும் இடங்கள், பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறைகள், அடித்தளமிடாத குப்பைக் கிடங்குகள் ஆகியவை அறியப்பட்ட ஊற்றுகள். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரில், 1952 முதல் 1966 வரை எரிவாயு அழுத்த நிலையமொன்றின் குளிர்விப்புக் கோபுரங்களில் துருத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட குரோமியம், அடித்தளமற்ற குட்டைகளில் விடப்பட்டு நிலத்தடி நீரில் கலந்தது. பதினான்கு ஆண்டு வெளியேற்றத்தைச் சீர்செய்யும் பணி பல பத்தாண்டுகளாகியும் முடியவில்லை.

ஈயம் மட்டும் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அது மண்ணில் எளிதில் ஒட்டிக்கொள்வதால் நிலத்தடி நீரில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். குடிநீரில் காணும் ஈயத்தின் பெரும்பங்கு பழைய ஈயக் குழாய், பற்றவைப்பு, பித்தளை இணைப்புகள் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. கிணற்றைக் குறைசொல்லும் முன் குழாயைப் பார்க்க வேண்டும்.

ஆகவே சோதனைக்கு முன்பாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: கிணற்றின் ஆழம், எந்த ஆழத்திலிருந்து நீர் வருகிறது, எப்போது தோண்டியது, உறைக்குழாயும் மோட்டாரும் எந்தப் பொருளால் ஆனவை, நீர் போகும் திசைக்கு மேற்புறத்தில் இப்போதோ முன்பு எப்போதோ என்ன தொழில் நடந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றின் அறிக்கையை நம் கிணற்றுக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. ஆர்சனிக்கைப் பொறுத்தவரை, சில பத்து மீட்டர் இடைவெளியில் ஒன்று பாதுகாப்பாகவும் மற்றொன்று கடுமையாக மாசுபட்டும் இருப்பது சாதாரணம். ஆழம் மாறினாலோ முழுக் கதையும் மாறிவிடும். வங்கதேசத்தில் ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழிருந்து எடுக்கும் நீர் பெரும்பாலும் பாதுகாப்பானதாக இருப்பது இதற்குச் சான்று.

இரண்டாம் படி: எவற்றைச் சோதிப்பது என்று தீர்மானித்தல்

வீடுகளில் பரவலாக உள்ள டிடிஎஸ் மீட்டரை இங்கே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அது நீரின் மின்கடத்தலை அளந்து, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகச் சொல்லும் கருவி. லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்பது 0.05 மில்லிகிராம், மீட்டரோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம்களில் காட்டுகிறது. வழிகாட்டு அளவைப் போல் ஐந்து மடங்கு நஞ்சு சேர்ந்தாலும் அதன் திரையில் ஓர் எண்கூட அசையாது. ‘டிடிஎஸ் குறைவு, ஆகவே நல்ல நீர்’ என்ற விற்பனைப் பேச்சு உலோகங்களின் விஷயத்தில் வெறும் சத்தம்.

முதன்முறை சோதிப்பவர்கள் ஆர்சனிக், ஈயம், காட்மியம், மொத்தக் குரோமியம், நிக்கல், மாங்கனீசு, இரும்பு, யுரேனியம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கேட்பது நல்லது. அருகில் சுரங்கம், குப்பைக் கிடங்கு, வேதித் தொழில் ஏதேனும் இருந்தால் பாதரசத்தையும், குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இவற்றுடன் பிஎச், காரத்தன்மை, சல்ஃபேட், பாஸ்பேட், சிலிக்கா, கடினத்தன்மை ஆகியவற்றையும் கேட்டுப் பெறுங்கள். இவை நஞ்சல்ல, ஆனால் எந்தச் சுத்திகரிப்பு முறை வேலை செய்யும், எது செய்யாது என்பதை ஏழாம் படியில் முடிவு செய்பவை இவைதான்.

மூன்றாம் படி: மாதிரி எடுத்தல்

நடைமுறையில் மிக அதிகமான பிழைகள் நேர்வது இந்தப் படியில். ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும், போத்தலுக்குள் வந்த நீர் கிணற்று நீராக இல்லாவிட்டால் அறிக்கையால் பயனில்லை.

ஒருமுறை இரும்பு மிகுந்த கிணற்றிலிருந்து எடுத்த மாதிரியை, அமிலம் கைவசம் இல்லாததால் அப்படியே அனுப்பிவிட்டேன். எடுக்கும்போது தெளிவாக இருந்த நீர், மறுநாள் ஆய்வக மேசைக்குப் போனபோது அடியில் ஆரஞ்சு நிறப் பிசிறுகளாகப் படிந்திருந்தது. மேலே நின்ற தெளிநீரை எடுத்துச் சோதித்ததில் ஆர்சனிக் மிகக் குறைவு என்று வந்தது. அடுத்த வாரம் அதே கிணற்றிலிருந்து அமிலமிட்டு எடுத்த மாதிரியில் அளவு பல மடங்கு உயர்ந்திருந்தது. இரும்பு வீழ்படிவாகும்போது ஆர்சனிக்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. நான் சோதித்தது ஏறத்தாழச் சுத்திகரிக்கப்பட்ட நீரை. இதே வேதியியலைத்தான் பின்னர் சுத்திகரிப்புக்கும் பயன்படுத்துகிறோம் என்பது வேறு விஷயம்.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. ஆய்வகம் தரும், அமிலத்தால் கழுவப்பட்ட பாலிஎத்திலீன் போத்தலை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய குடிநீர் போத்தல் வேண்டாம்.

2. கிணற்று நீரைச் சோதிப்பதானால், குழாயிலும் உறையிலும் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓட விடுங்கள். பிஎச், மின்கடத்தல், வெப்பநிலை மூன்றும் மாறாமல் நிலைத்து நின்றால் புது நீர் வந்துவிட்டது என்று பொருள்.

3. ஈயத்தைச் சோதிப்பதானால் இதற்கு நேர்மாறு. இரவு முழுவதும், குறைந்தது ஆறு மணி நேரம், குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் நீரை ஒரு போத்தலிலும், சில நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் நீரை மற்றொன்றிலும் பிடியுங்கள். முதலில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் இருந்தால் குற்றவாளி குழாய். இரண்டிலும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் வீட்டுக் குழாய்க்கு முன்பே, நீர் வரும் பக்கத்தில் தேட வேண்டும்.

4. வடிகட்டிக்கு முந்தைய இடத்தில் மாதிரி எடுங்கள். குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றிவிடுங்கள்; ஈயச் சோதனையில் மட்டும் அதைக் கழற்ற வேண்டாம்.

5. மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பெரும்பாலான உலோகங்கள் இந்நிலையில் ஆறு மாதம்வரை நிலைத்திருக்கும். பாதரசத்துக்கு 28 நாள். அமிலம் கடுமையானது, ஆய்வகமே போத்தலில் இட்டுத் தருவது பாதுகாப்பு. அப்படித் தந்த போத்தலை அலசிவிடாதீர்கள். சுத்தமாக இருக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் இந்தத் தவற்றைச் செய்பவர்கள் பலர்.

6. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் இந்த அமில விதி பொருந்தாது. அமிலம் அதை மூன்று இணைதிறன் நிலைக்கு மாற்றிவிடும். தனிப் போத்தலில், குளிரில் வைத்து, ஆய்வகம் சொல்லும் கெடுவுக்குள் சேர்த்துவிட வேண்டும்.

ஆர்சனிக்குக்கான களச் சோதனைப் பெட்டியும் உண்டு. நீரில் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்ததும் குமிழ்கள் எழும். ஆர்சனிக் வாயுவாகி மேலேறி, மூடியில் செருகிய பாதரச புரோமைடு தாளைத் தொடும். வெண்மையாக இருந்த தாள் மெல்ல வெளிர்மஞ்சளாகி, அளவு கூடினால் பழுப்பாகும்; அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். ஒரு கிணறு மிக மோசமா அல்லவா என்று பிரித்தறிய இது சிறந்த கருவி. வங்கதேசத்தில் லட்சக்கணக்கான கிணறுகளை இப்படிச் சோதித்துத்தான் சிவப்பு, பச்சை வண்ணம் பூசினார்கள். ஆனால் 10 மைக்ரோகிராம் எல்லையை ஒட்டிய இடத்தில் மஞ்சளின் சாயலைக் கண்ணால் தரம்பிரிப்பதை நம்ப முடியாது. அங்கே ஆய்வகமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். உருவாகும் வாயு நச்சானது என்பதால் காற்றோட்டமான இடத்திலேயே இதைச் செய்ய வேண்டும்.

நான்காம் படி: அறிக்கையைப் படித்தல்

முதலில் அலகைப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம்; 0.01 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. பீதியும் அலட்சியமும் பலமுறை இந்தப் புள்ளி பிசகுவதால்தான் உண்டாகின்றன. அடுத்து, ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காண இயலாத கருவி ஆர்சனிக்கைக் ‘கண்டறியவில்லை’ என்றால், உங்கள் நீரில் 45 மைக்ரோகிராம் இருக்கக்கூடும். ஐசிபி–எம்எஸ் எனப்படும் கருவி ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அளக்கவல்லது. எந்த முறையில் சோதிப்பீர்கள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடலாம்.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவுகள், லிட்டருக்கு மைக்ரோகிராமில்: ஆர்சனிக் 10, ஈயம் 10, காட்மியம் 3, பாதரசம் 6, மொத்தக் குரோமியம் 50, நிக்கல் 70, யுரேனியம் 30. நாட்டுக்கு நாடு சட்ட அளவுகள் சற்று மாறும். உங்கள் நாட்டின் தரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்சனிக், ஈயம் இரண்டுக்கும் உரிய 10 என்பது தற்காலிக அளவு என்றே குறிக்கப்பட்டுள்ளது. அதற்குக் கீழே தீங்கே இல்லை என்பது அதன் பொருளன்று. நடைமுறையில் நீக்கவும் அளக்கவும் இயலும் எல்லையைக் கருதி வைத்த எண் அது. ஆகவே அறிக்கையில் 9 என்று வந்தால் கொண்டாடவும் 11 என்று வந்தால் அலறவும் காரணமில்லை.

ஐந்தாம் படி: அபாயத்தைக் கணக்கிடுதல்

கணக்கு எளிது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை, ஒரு நாளில் குடிக்கும் லிட்டரால் பெருக்கி, உடல் எடையால் வகுத்தால் கிடைப்பது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் உடலில் சேரும் அளவு. அதைப் பொறுக்கத்தக்க அளவால் வகுத்தால் வருவது அபாய விகிதம். அது 1ஐத் தாண்டினால் கவலைக்குரியது.

50 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார அமைப்பு வழக்கமாகக் கொள்ளும் 60 கிலோ எடையுள்ள பெரியவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால், கிலோவுக்கு 0.0017 மில்லிகிராம் சேர்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் கையாண்ட 0.0003 என்ற அளவால் வகுத்தால் ஐந்தரை மடங்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் குடித்தால் கிட்டத்தட்ட 17 மடங்கு. அதே நீரில் பால்மாவு கரைத்து, நாளுக்கு முக்கால் லிட்டர் ஊட்டப்படும் 5 கிலோ சிசுவுக்கு 25 மடங்கு. ஒரே வீடு, ஒரே குழாய். ஆனால் தொட்டிலில் கிடப்பவருக்கு ஆபத்து பெரியவருடையதைவிட நாலரை மடங்கு. 2025இல் அந்த முகமை தன் அளவை மேலும் இறுக்கியிருப்பதால், இன்றைய மதிப்பில் இந்த விகிதங்கள் இன்னும் உயரும். பல உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றின் விகிதத்தையும் கூட்டிப் பார்ப்பது வழக்கம்; தனித்தனியே 1க்குள் அடங்கியவை கூட்டினால் தாண்டிவிடலாம்.

இந்தக் கணக்கு நோயைக் கண்டறியும் கருவி அன்று. யாருக்கு முதலில் நல்ல நீர் தர வேண்டும் என்ற வரிசையை அது சொல்கிறது: பால்மாவு குடிக்கும் சிசு, கர்ப்பிணி, சிறுவர், பிறகு மற்றவர். தாய்ப்பாலில் ஆர்சனிக் மிகக் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே ஆர்சனிக் உள்ள நீரைத் தாய் குடித்திருந்தாலும் தாய்ப்பாலே சிசுவுக்குப் பாதுகாப்பு.

ஆறாம் படி: உடலில் நிகழ்வதை அறிந்து மருத்துவரிடம் செல்லுதல்

ஆர்சனிக் காலங்கடந்து கணக்குத் தீர்க்கும் நஞ்சு. பல ஆண்டுகள் குடித்த பிறகே மார்பிலும் முதுகிலும் மழைத்துளி சிதறியதுபோல் கருமையும் வெண்மையும் கலந்த புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சிறு மருக்கள்போல் முடிச்சிடும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும், இதயக் குழாய் நோயும், நீரிழிவும் இதனோடு தொடர்புடையவை. வடக்குச் சிலியின் அன்டோஃபகாஸ்டா நகருக்கு 1958இல் கொண்டுவரப்பட்ட ஆற்று நீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்சனிக் இருந்தது. 1970 வாக்கில் சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு சரிந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்புகள் அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் உயர்ந்தே இருந்தன. நல்ல நீர் வந்துவிட்டது என்பதற்காக, முன்பு குடித்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது.

ஈயம் குழந்தைகளின் மூளையைக் குறிவைக்கிறது. உணவுப் பாதை வழியே வரும் ஈயத்தில் பெரியவர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை உறிஞ்ச, குழந்தை பாதிவரை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இரத்தத்திலிருந்து சில வாரங்களில் குறைந்துவிடும் ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்பக் காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து மறுபடி இரத்தத்துக்கு வந்து கருவைச் சேர்கிறது.

காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள்வரை அரையாயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) கொண்டு சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானின் தொயாமா பகுதியில், காமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து வயல்களுக்குப் பாய்ந்ததால் வந்த நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ என்று பெயர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பது அதன் பொருள். சிறுநீரகம் பழுதாகி எலும்பு மென்மையாகி, இலேசான அசைவிலும் முறிந்த அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த பெண்கள். 1968இல் ஜப்பான் அரசு இதை மாசினால் வந்த நோயென ஏற்றது. புகையிலையிலும் காட்மியம் உண்டு என்பதால் புகைப்பவருக்குச் சுமை இரட்டிக்கிறது.

யுரேனியத்தின் கதிரியக்கத்தைவிட அதன் வேதி நச்சே சிறுநீரகத்துக்குக் கேடு. மாங்கனீசு சிசுக்களின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் அழற்சி தரும். ஆறு இணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதியை இரைப்பை அமிலம் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றிவிடுகிறது; அளவு மிகும்போது அந்தக் காவல் போதுவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது நீர்ச் சோதனை அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சோதனையின் வகை உலோகத்துக்கு ஏற்ப மாறும். ஈயத்துக்கு இரத்தம். காட்மியத்தின் நீண்டகாலச் சேர்மானத்துக்குச் சிறுநீர். ஆர்சனிக்குக்கும் சிறுநீர்தான், ஆனால் அது கடந்த சில நாட்களின் வரவையே காட்டும், மாதக்கணக்கை நகமும் முடியும் சொல்லும். ஆர்சனிக்குக்குச் சிறுநீர் தரும் முன் மூன்று நான்கு நாட்கள் கடலுணவைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள தீங்கற்ற ஆர்சனிக் வடிவம் எண்ணை ஊதிப் பெருக்கிவிடும். ‘உலோகக் கழிவை வெளியேற்றும்’ சிகிச்சை என்று விற்கப்படுபவற்றிலிருந்து ஒதுங்கியே இருங்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் குறிப்பிட்ட நிலைகளில் மருத்துவமனைக் கண்காணிப்பில் தரப்படுபவை. தேவையான கனிமங்களையும் அவை அள்ளிப் போய்விடும். நஞ்சு வரும் வழியை அடைப்பதே முதல் சிகிச்சை.

ஏழாம் படி: நீரை மாற்றுதல் அல்லது சுத்திகரித்தல்

எவை உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், உலோகம் எஞ்சும். அளவு சற்றே கூடும். யுவி விளக்கும் குளோரினும் கிருமிகளுக்கானவை. சாதாரணக் கரி வடிகட்டியும் மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் வடிகட்டியும் கரைந்த ஆர்சனிக்கைத் தடுப்பதில்லை.

மாற்று ஆதாரம் கிடைக்குமானால் அதுவே மேல்: சோதித்துத் தேறிய வேறு கிணறு, ஆழமான அடுக்கு, சேகரித்த மழைநீர், சுத்திகரித்த ஆற்று நீர். ஆனால் மேற்பரப்பு நீருக்குத் திரும்பினால் கிருமிநீக்கமும் உடன் வர வேண்டும். இல்லையேல் வங்கதேசம் விட்டுவந்த பழைய ஆபத்துக்கே திரும்புவதாகும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல நீர் போதும். குளிக்கவும் துவைக்கவும் ஆர்சனிக் உள்ள நீரைப் பயன்படுத்துவதில் பெரிய ஆபத்தில்லை, ஏனெனில் தோல்வழியே அது மிகக் குறைவாகவே உட்புகும். இந்த ஒரு வேறுபாடு சுத்திகரிக்க வேண்டிய அளவைப் பல மடங்கு குறைத்துவிடும்.

சுத்திகரிப்பதானால், உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜனற்ற ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆர்சனிக் மூன்று இணைதிறன் வடிவில், மின்னூட்டமின்றி இருக்கிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்ஓ கருவி மின்னூட்டமுள்ளவற்றை நன்றாகத் தடுக்கிறது. இந்த வடிவத்தையோ ஓரளவு நழுவ விட்டுவிடுகிறது. ஆகவே முதலில் குளோரின் போன்ற ஆக்சிஜனேற்றியால் அதை ஐந்து இணைதிறன் வடிவமாக மாற்ற வேண்டும். வெறும் காற்று இதைச் செய்ய வெகுநேரம் பிடிக்கும். ஆனால் குளோரின் ஆர்ஓ சவ்வை அரித்துவிடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே கரி வடிகட்டி தேவை. ‘எல்லாவற்றையும் நீக்கும்’ என்று விற்கப்படும் பெட்டியில் இந்த வரிசை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே விற்பவரின் அறிவு தெரிந்துவிடும்.

ஊடகம் என்பது வடிகட்டியினுள் நிரப்பப்பட்டு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள்; இரும்பு சார்ந்த ஊடகங்கள் ஆர்சனிக்குக்கு மிகப் பொருத்தமானவை. இரும்பு ஹைட்ராக்சைடு குருணை, அல்லது நீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்து வீழ்படிவாக்கி வடிகட்டுதல் இரண்டும் நன்கு வேலை செய்யும். வேதியியலர் அபுல் ஹுஸ்ஸாம் உருவாக்கிய, இரும்புக் கலவையும் மணலும் கொண்டு மின்சாரமின்றி இயங்கும் சோனோ வடிகட்டி 2007இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் கிரெய்ஞ்சர் பரிசைப் பெற்றது. செயலூட்டிய அலுமினாவும் பயன்படும். ஆனால் சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில்தான் அதன் திறன் முழுமையாக வெளிப்படும். பாஸ்பேட்டும் சிலிக்காவும் மிகுந்த நீரில் இந்த ஊடகங்கள் சீக்கிரம் களைத்துவிடும். இரண்டாம் படியில் அவற்றைச் சோதிக்கச் சொன்னது இதற்காகவே.

ஈயம், காட்மியம், நிக்கல் ஆகியவற்றுக்கு ஆர்ஓ அல்லது நேர்மின் அயனிப் பரிமாற்றம் (உலோக அயனியைப் பிடித்துக்கொண்டு ஈடாக வேறு அயனியை விடும் பிசின் முறை); யுரேனியத்துக்கு ஆர்ஓ அல்லது எதிர்மின் அயனிப் பரிமாற்றம்; ஆறு இணைதிறன் குரோமியத்தை ஒடுக்கி மூன்று இணைதிறனாக்கினால் அது படிந்துவிடும். பெரிய அளவில், மாசு பரவும் பாதையின் குறுக்கே நிலத்துக்குள் இரும்புத் துகள் சுவர் எழுப்பியும் இதைச் செய்கிறார்கள். வட கரோலைனாவின் எலிசபெத் சிட்டியில் 1996இல் அமைத்த சுவர் இதற்கு முன்னோடி. குழாயிலிருந்து வரும் ஈயத்துக்குக் குழாயை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை, தேங்கிய நீரை ஓடவிட்டு, குளிர்நீர்க் குழாயிலிருந்து மட்டும் குடிக்கப் பிடியுங்கள்.

எட்டாம் படி: மறுசோதனையும் கழிவும்

கருவி பொருத்திய முதல் வாரத்தில் உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர் இரண்டையும் ஒரே நாளில் சோதியுங்கள். வெளிவரும் நீரை மட்டும் சோதித்தால் கருவி நீக்கியதா, அன்று கிணற்றிலேயே குறைவாக இருந்ததா என்று தெரியாது. பிறகு முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்து ஒரு முறையும் வறட்சியில் ஒரு முறையும் தவறாமல் அமையும்படி. அதன்பின் ஆண்டுக்கு ஒன்று போதும். ஆனால் புதிதாக மோட்டார் இறக்கினாலோ, கிணற்றை ஆழப்படுத்தினாலோ, ஊடகம் தன் கணித்த ஆயுளின் கடைசிக் காலாண்டை எட்டினாலோ உடனே சோதிக்க வேண்டும்.

ஊடகம் தீர்ந்துபோனதற்கு வெளி அறிகுறி எதுவும் கிடையாது. நீர் முன்போலவே தெளிவாக வரும். அயனிப் பரிமாற்றப் பிசினில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது நிறைந்துவிட்டால், அடுத்து வரும் சல்ஃபேட் ஏற்கெனவே பிடித்து வைத்த ஆர்சனிக்கைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். அப்போது வெளிவரும் நீரில் கிணற்று நீரைவிடவும் அதிக ஆர்சனிக் இருக்கும். ஆகவே பிசின் வகைக் கருவியில் எத்தனை லிட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டர் இல்லையெனில் அதைப் பொருத்தவே வேண்டாம் என்பது என் கருத்து.

தீர்ந்த ஊடகத்தையும் வடிகட்டிச் சேற்றையும் தோட்டத்திலோ கிணற்றருகிலோ கொட்டக்கூடாது. ஆக்சிஜனற்ற மண்ணில் புதைந்தால் இரும்பு மறுபடி கரையும், ஆர்சனிக்கும் கூடவே இறங்கும். உலர்த்தி, மூடியுள்ள கொள்கலனில் இட்டு, பெயரும் தேதியும் எழுதி, அபாயகரக் கழிவு எடுக்கும் அமைப்பிடம் சேர்க்க வேண்டும். ஆர்ஓ கருவியின் கழிவு நீரில் உலோகம் செறிந்திருக்கும். அதைச் செடிகளுக்கும் கால்நடைகளுக்கும் விடாமல் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். ஒவ்வோர் அறிக்கையின் நகலையும், மாதிரி எடுத்த தேதி, இடம், எடுத்த முறை ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். கிணறு கைமாறும்போது அந்தக் கோப்பும் கூடவே போக வேண்டும்.